வயல் நடுவில் ஒரு கல்

அறுவடை மெஷின் ரோட்டை விட்டு இறங்கி வயலுக்குள் மூக்கை நீட்டியதுமே வேலிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நெல்லில் ஒரு குறையும் இல்லை. மணி பிடித்துத் தலை சாய்ந்து கிடந்தது. மெஷின் கிடைக்காமல் ஊரே நாயாய் அலைகிற நேரத்தில் முதல் வயலாக அவர் வயல் அமைந்திருக்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அதற்குள் அறுத்துவிடலாம். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், பேதி மருந்து குடித்தவர் மாதிரி வரப்பில் நெளிந்துகொண்டு நின்றார்.

காரணம் வயலுக்கு நடுவில் இருந்தது.

விடியற்காலையில் ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க இறங்கியவர், ஒரு கூட்டை மிதிக்கப் போய்க் காலைத் தூக்கிக்கொண்டார். நெல் தாளை மடக்கி மடக்கிப் பின்னிய கூடு. அதில் செம்புள்ளி போட்ட முட்டைகள். கொம்புக்கோழி முட்டை. தண்ணீர் நிற்கிற வயலில் ஒளிந்து திரிகிற பறவை அது. சேவலுக்கு நெற்றியில் சிவப்பாக ஒரு கொம்பு இருக்கும். காலையிலும் சாயங்காலமும் காலிக் குடத்துக்குள் யாரோ கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடும். மற்றபடி கண்ணில் படாது.

பார்த்ததும் அவர் நினைத்தது, முட்டைகளை அள்ளி வாய்க்காலில் போட்டுவிடலாம் என்றுதான். அதற்கு ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்பீர்கள்.

அவருக்கு ஏரியை ஒட்டி இன்னொரு துண்டு நிலம் இருந்தது. சட்டை மடிப்புக் கலையாத ஆட்கள் நாலைந்து பேர் ஒரு நாள் வந்தார்கள். ஏரிக்கு நாரை வருகிறது, வாத்து வருகிறது, காப்பாற்ற வேண்டும் என்றார்கள். "சும்மா அளந்து பாக்கறோம் பெரியவரே, பயப்படாதீங்க" என்று பல் தெரியச் சிரித்தார்கள். அவர் வீட்டு டீயைத்தான் குடித்தார்கள். நல்லாயிருக்கிறது என்று ஒருத்தன் இரண்டாவது தடவை வேறு கேட்டு வாங்கினான். கொஞ்ச நாளில் அந்தத் துண்டுக்கு நடுவில் ஒரு கல் முளைத்தது. வெள்ளையடித்த ஆபீஸ் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரிக்குச் சொந்தம் என்றார்கள். எந்த ஆபீஸுக்குப் போனாலும், "கல்லு நட்டாச்சே பெரியவரே" என்று ஒரே பாட்டு. அன்றைக்கு மிச்ச நிலத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டவர்தான், இன்றுவரை ஒரு சாண் சந்து விட்டதில்லை. பெற்றவர்கள் வைத்த பேர் மறந்துபோய் வேலிக்காரர் என்பதே பேராகிவிட்டது.

இந்தப் போகத்தில், நடவு முடிந்த சமயம், பறவை ஆபீஸிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வீடு வீடாகப் போனாள்.

"ஐயா, கொம்புக்கோழி சத்தம் கேட்டா எனக்குச் சொல்லுங்க. எங்கயும் அது இல்லாம போயிட்டு வருது. கூடு இருந்தா, அதைச் சுத்திக் கொஞ்சம் அறுக்காம விட்டா போதும். விட்ட நெல்லுக்கு ஈடு வாங்கித் தரேன்."

"இங்க கோழியும் இல்ல, கொம்பும் இல்ல. காக்கா இருக்கு. வேணும்னா எண்ணிக்கிட்டுப் போ."

அவள் கோபப்படவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் அவர் வயலிலிருந்து சேவல் தொண்டை கிழியக் கத்தியது. "சனியனே, வாயை மூடு. வயலை எழுதிக் குடுத்துட்டுதான் ஓய்வியா?" என்று வரப்பில் நின்று அதைத் திட்டினார். திட்டினாரே தவிர, அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே வரப்புக்குப் போனார். போகம் பூராவும் போனார். வீட்டில் மடை பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டார்.

ஆக, விடியற்காலையில் முட்டையை எடுத்தது உண்மை. கையில் சூடாக இருந்தது. விரல் நுனியில் ஏதோ தட்டியது. காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஜீவன் டொக், டொக் என்று ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. எடுத்த கை தானாகவே அதைத் திருப்பி வைத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அதற்குள் மெஷின் வந்துவிட்டது.

மெஷின்காரன் வெளியூர் ஆள். வாயில் பாக்கு. "எப்படி அறுக்கறது பெரியவரே?" என்றான்.

"எப்பவும் போலத்தான்" என்றார் வேலிக்காரர். வேறு என்ன சொல்வார்? சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எப்பவும் போல என்றால், வரப்போரமாக ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவது. நெல்லுக்குள் இருக்கிற எலி, தவளை, காடை எல்லாம் பயந்து நடுவுக்கு நடுவுக்கு ஒதுங்கும். கடைசியில் நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு திட்டு மிஞ்சும். அதற்குப் பேர் கடைசிப் பாத்தி. அதைச் சுற்றிக் கோணியும் தடியுமாக ஆட்கள் நிற்பார்கள். உள்ளேயிருந்து எது ஓடி வந்தாலும் அது குழம்புச் சட்டிக்குத்தான்.

மெஷின் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கோணியோடு ஆள் வந்துவிட்டது. வேறு யார், சகலைதான். வேலிக்காரர் மனைவியின் அக்கா புருஷன். பக்கத்துக்குப் பக்கத்து வயல்காரர். ஒரே வீட்டில் பெண் எடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டி. இவர் மோட்டார் போட்டால் அவர் பெரிய மோட்டார் போடுவார். இவருக்கு ஜலதோஷம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

"என்ன சகலை, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நெல்லு உன்னுதுதானே?"

"நீ எதுக்குக் கோணியைத் தூக்கிட்டு வந்த?"

"எதுக்கா? கடைசிப் பாத்திக்குத்தான். உள்ள ஒரு கோழி இருக்கும்போல. சாயங்காலம் கத்துதே, கேட்டதில்ல நீ?"

"எனக்குக் காது மந்தம்."

"போன வாரம் என் வீட்டுல பேசினது மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்டுச்சு?"

வேலிக்காரரின் கண் மெஷின் மேலேயே இருந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டைப் பார்த்து ஒரு ஆள் நீளம் நெருங்கியது. பின்னால் கொக்குக் கூட்டம். முன்னால் எலிகள் தெறித்து ஓடின. சகலை கோணி வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். இன்னும் மூன்று சுற்று. நடுத் திட்டில் காற்றே இல்லாமல் ஓர் இடத்தில் நெல் தாள் அசைந்தது. பெட்டை அங்கேதான் இருக்கிறது. குஞ்சு பொரிகிற நேரத்தில் அது எழுந்து ஓடாது, உட்கார்ந்தே சாகும். இன்னும் இரண்டு சுற்று.

அப்புறம் நடந்தது அவர் யோசித்துச் செய்ததில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை உருவி வீசிக்கொண்டு மெஷின் முன்னால் போய் விழாத குறையாக நின்றார்.

மெஷின்காரன் பிரேக்கை மிதித்து எழுந்து நின்று கத்தினான். "யோவ் பெரியவரே! சாவறதுக்கு என் மெஷின்தான் கெடச்சுதா?"

"கல்லு! நடுவுல கல்லு இருக்கு!"

கல் என்றால் மெஷின்காரர்களுக்குக் கதி கலங்கும். பல் ஒடிந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. ஆனால் இவன் அதற்கெல்லாம் அசருகிறவனாக இல்லை. "கடப்பாரை வெச்சிருக்கேன். இருங்க, நானே தோண்டி எடுத்துடறேன்" என்று இறங்க ஆரம்பித்தான்.

"தொடாத! அது..." வேலிக்காரருக்கு மூச்சு வாங்கியது. யாரும் தொடப் பயப்படுகிற கல் உலகத்தில் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். "அது ஆபீஸ் கல்லு."

இறங்கிய கால் அப்படியே மேலே ஏறியது. "அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் புள்ளகுட்டிக்காரன்யா" என்று முணுமுணுத்தான். திட்டைச் சுற்றி அகலமாக ஒரு வளையம் விட்டு அறுத்து முடித்து, நெல்லைக் கொட்டிவிட்டு, அடுத்த வயலுக்கு வண்டியைத் திருப்பினான்.

திரும்பிப் பார்த்தால், சகலை கையிலிருந்த கோணி கீழே கிடந்தது.

"ஆபீஸ் கல்லா? உன் வயல் நடுவுலயா? எப்ப நட்டாங்க?"

"ம்" என்றார் வேலிக்காரர். அந்த ஒரு எழுத்தைத் திருப்பி விழுங்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஏரியோரம் எடுத்தது பத்தாம இவ்வளவு தூரம் வந்துட்டாங்களா? அப்ப என் வயல்? பம்புசெட்டு பாக்கற மோட்டார்காரன் வயல்?" சகலையின் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்த ஸ்கூட்டர்காரி! வீடு வீடா வந்து கோழியை விசாரிச்சாளே, இதுக்குத்தானா?" என்று சொல்லிக்கொண்டே, அந்த வயசில் அவர் ஓடி யாரும் பார்த்திராத ஓட்டமாக ஊரைப் பார்த்து ஓடினார்.

வேலிக்காரர் வீட்டுக்குப் போய்க் கால் கழுவக்கூட இல்லை. மனைவி பின்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்தாள்.

"என்னங்க இது, நம்ம வயல்ல கல்லு நட்டுட்டாங்களாமே? உரக்கடை வாசல்ல ஊரே கூடி நிக்குது. அந்தப் பறவைப் பொண்ணு வழியில போனாளாம், மடக்கிப் புடிச்சு வெச்சிருக்காங்க. ஸ்கூட்டர் சாவியைப் புடுங்கி உரக்கடைக்காரரு பையில போட்டுக்கிட்டாரு. அவ அழல, ஆனா கூட்டத்துக்கு நடுவுல ஒண்டியா நிக்கறா. நான் பார்த்தேன்."

வேலிக்காரர் சுவரைப் பார்த்தார்.

மனைவி கிட்டே வந்தாள். "ஏங்க. நாத்து நட்டவ நான். நடுவுல ஒரு கல்லு இருந்தா என் காலுக்குத் தெரியாதா?"

மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நாலு வார்த்தையில் சொன்னார். கூடு. முட்டை. மெஷின். வாயில் வந்த பொய்.

"கோழிக்காகவா?" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேருந்து எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல நீங்க."

"இப்பக் கிண்டல் பண்ற நேரமா?"

"போய் உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா அவ காதுலயும் விழும். கூடு இருக்குன்னு தெரிஞ்சா நிஜமாவே கல்லு வந்துடும்டி. மிச்சம் இருக்கறது இந்த ஒரு வயலுதான்."

"அது வரட்டும், வராம போகட்டும். செய்யாத வேலைக்கு அந்தப் பொண்ணு அடி வாங்கினா, அந்த வயல்ல விளைஞ்ச சோறு என் தொண்டையில எறங்காது."

வேலிக்காரர் அப்போதும் எழுந்திருக்கவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் அவரைத் தூக்கிப் போட்டது. "கடப்பாரை எடுத்துக்கிட்டுக் கிளம்பறாங்க. கல்லைப் புடுங்கி அவ தலையில கட்டறதாப் பேச்சு."

கடப்பாரையோடு கூட்டம் போனால் முதல் மிதியிலேயே கூடு கூழாகிவிடும். செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார். வாய்க்கால் குறுக்கு வழியில் விழுந்து எழுந்து, தன் வேலியைத் தானே பிய்த்துக்கொண்டு வயலுக்குள் நுழைந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் சகலை. தோளில் கடப்பாரையோடு மோட்டார்காரர். பம்புசெட்டு ரிப்பேர் செய்கிறவர், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. நடுவில் அந்தப் பெண்.

"நாங்க எந்தக் கல்லும் நடல. கல்லு நடறது எங்க வேலையே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. எத்தனை தடவை சொன்னாளோ.

"போன தடவை வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க" என்றார் மோட்டார்காரர். "சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நீ சிரிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்."

அறுத்த வயலில் அந்தத் திட்டு மட்டும் மொட்டைத் தலையில் குடுமி மாதிரி நின்றது. வேலிக்காரர் அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். முழங்காலில் ரத்தம்.

"நகரு சகலை" என்றார் சகலை. "உன்னால முடியாதுன்னுதான் நாங்க வந்திருக்கோம். இன்னிக்கு உன் கல்லு, நாளைக்கு எங்க கல்லு."

"ஒரு அடி எடுத்து வெச்சா தெரியும் சேதி."

"யாருக்குப் பயப்படறீங்க?" மோட்டார்காரர் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினார். "நான் புடுங்கறேன். கேஸு வந்தா என் மேல வரட்டும்."

அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டார். கடப்பாரை நுனி நெல் தாளை விலக்கியது. வேலிக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கல்லு இல்லடா! ஒரு கல்லும் இல்ல! நான் சொன்னது பொய்!"

தூரத்தில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"பின்ன என்ன இருக்கு?" என்றார் உரக்கடைக்காரர்.

வேலிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் காதில் விழக்கூடாது என்று ஒரு போகம் பூராவும் பொத்தி வைத்தது. வயல் போனால் போன மாதிரிதான். குனிந்து, தாளை மெதுவாக ஒதுக்கினார்.

பெட்டை ஒரு முழம் தள்ளி நின்று சிலிர்த்துக்கொண்டு சீறியது. கூட்டில் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாக மூன்று குஞ்சு. நாலாவது பாதி ஓட்டுக்குள் கிடந்தது. ஈரத் தலையைத் தூக்கப் பார்த்துத் தூக்க முடியாமல் கவிழ்ந்தது. மறுபடி தூக்கியது.

மோட்டார்காரர் கடப்பாரையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"இந்தாம்மா" என்றார் வேலிக்காரர். "நீ தேடினது இதானே? எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கோ. ஒண்ணு மட்டும் கேக்கறேன், மறைக்காம சொல்லு. இனிமே இந்த வயல்ல கல்லு நடுவீங்களா?"

அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். கல் நட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பது அவளுக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றாள். "கூடு இருக்குன்னு வயலை எடுத்ததா நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. ஆனா எனக்கு மேல இருக்கறவங்க நாளைக்கு என்ன செய்வாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. யாராவது கேட்டா, பார்த்தேன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன். நீங்க சரின்னு சொல்லாம நானாப் போய் இடத்தைச் சொல்லவும் மாட்டேன். அவ்வளவுதான் என் கையில இருக்கு."

"என்ன பேச்சு இது?" என்றார் உரக்கடைக்காரர். "ஆமாவா, இல்லையா?"

"விடு" என்றார் வேலிக்காரர். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வாசல்ல எத்தனையோ ஆபீஸ் ஆளுங்க ஏறி எறங்கிட்டாங்க. தெரியாதுன்னு சொன்னது இவ ஒருத்திதான். சாவியைக் குடு."

உரக்கடைக்காரர் பையைத் துழாவினார். அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து மோட்டார்காரரின் அண்ணன், தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "என் வயல்லயும் ஒண்ணு கத்துது. மடையோரம்."

அந்தப் பெண் வெடுக்கென்று திரும்பினாள். "நான் வந்து கேட்டப்போ இல்லன்னீங்களே!"

"எல்லாரும் இல்லன்னாங்க. நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

"என் வேலியோரத்துலயும் கேக்குது" என்றார் இன்னொருவர். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். போகம் பூராவும் சாயங்காலம் ஆனால் மடை பார்க்கப் போனது வேலிக்காரர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

சகலைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கூட்டுக்கு இந்த அலட்டலா? என் வயல்ல ரெண்டு இருக்கு. ரெண்டு!" என்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அப்புறம் எதுக்கு என் வயலுக்குக் கோணியோட வந்த?" என்றார் வேலிக்காரர்.

"என்னுதை நான் எதுக்குத் திங்கணும்?"

அந்தப் பெண் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, மூக்கைச் சிந்தினாள். ஆனால் மோட்டார்காரர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"மெஷின் இப்ப யார் வயல்ல ஓடுது?"

எல்லோரும் திரும்பினார்கள். மெஷின் சகலை வயலில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது ஏறியதோ, வரப்போரமெல்லாம் அறுத்துவிட்டு நடுவைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

சகலையின் தூக்கிய விரல் அப்படியே நின்றது. இரண்டு என்று ஊருக்கு முன்னால் சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. இப்போது ஒன்றாவது மிஞ்சாவிட்டால், சாகிற வரைக்கும் வேலிக்காரர் வாயில் விழுந்து எழ வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் வரப்பைத் தாண்டி ஓடினார்.

"நிறுத்துடா! கல்லு! கல்லு இருக்கு!"

மெஷின்காரன் எழுந்து நின்று இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து விரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. "இந்த ஊர்ல நெல்லு விளையுதா, கல்லு விளையுதா?" என்று அவன் கத்தியதும் கேட்டது. மெஷின் சத்தம் நின்றது. மோட்டார்காரர் தன் வயலைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே அவர் அண்ணன். கூட்டம் நாலு பக்கமும் சிதறியது. சாவியைக் கொடுத்த உரக்கடைக்காரருக்கு வயல் இல்லை. அவர் மட்டும் யாருக்குப் பின்னால் ஓடுவதென்று தெரியாமல் நின்றுவிட்டு, சகலை பக்கம் ஓடினார்.

முதல் தூறல் விழுந்தது. அறுத்த வயலின் ஓரத்தில் இரண்டு தெருநாய்கள் வந்து நின்று, தனியாக நிற்கும் அந்தத் திட்டை மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தன.

வேலிக்காரர் மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தார். பிறகு நேரே தன் வேலிக்குப் போய், தான் பிய்த்துக்கொண்டு வந்த இடத்திலிருந்தே முள் கிளைகளை இழுத்து வந்து திட்டைச் சுற்றிப் போட ஆரம்பித்தார். அந்தப் பெண் கேட்காமலே ஒரு கிளையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"கையைப் பார்த்து. முள்ளு நீளம்."

"ஐயா, அந்த ஈடு விஷயம்..."

"நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேணாம். அடுத்த போகத்துக்கு வந்து கேக்கலாமா?"

"என்னன்னு?"

"சத்தம் கேக்குதான்னு."

அவர் வாய்க்கால் பக்கமாகப் போட்ட கிளையைக் காலால் தள்ளி, குஞ்சு நுழைகிற அளவுக்குச் சந்து விட்டார். விட்டதைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். மழை வலுத்தது.

"சாயங்காலமா வரப்புக்கு வா" என்றார். "காலையில வந்தா நான் மடையில இருப்பேன்."